நேராக நிற்கும் ஸ்டியரிங்

அந்த நாற்காலியில் அமராதீர்கள் ஐயா. அதன் ஒரு கால் குட்டை. காலையில் நான்தான் முதலில் அதில் அமர்ந்தேன், ஆடியது. உடனே எழுந்து, மேசைமேல் கிடந்த விளம்பரத் தாள் ஒன்றை நான்காக மடித்து அந்தக் காலுக்குக் கீழே வைத்தேன். இப்போது ஆடாது. ஆனாலும் குறை குறைதானே. இப்படி என் பக்கத்தில் வாருங்கள்.

தங்கள் வண்டிக்கு என்ன? பின்பக்க பம்பரா? கவலைப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற குறை நல்ல குறை. என் வண்டியின் குறை அப்படிப்பட்டதன்று.

என் பெயர் நெல்லைநாயகம். பாளையங்கோட்டையில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டிக்காகக் காத்திருக்கிறேன். இல்லை, வண்டி ஆயத்தமாகிவிட்டது. அதை ஓட்டிப் பார்த்து வருவதற்கு என் மனைவி கோமதி கொண்டுபோயிருக்கிறாள். ஆகவே, அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்வதே பொருந்தும். அந்த ரவுண்டானா வரை போய்த் திரும்பினால் போதும். வந்துவிடுவாள். அதுவரை தங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் சொல்கிறேன். இந்த விஷயம் தங்களுக்கும் ஒருநாள் பயன்படலாம்.

வண்டியைக் கிளப்பும்போது முன்னால் பல விளக்குகள் எரிந்து அணையும், பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறம். ஒரு சிறிய கார்; அதன் பின்னால் பாம்பு நெளிந்தாற்போல் இரண்டு கோடுகள். அது எதற்கென்று இந்த ஊரில் வண்டி வைத்திருக்கும் எவரிடம் கேட்டாலும் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டியோடு கொடுத்த கையேட்டை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை படித்தவன் நான். வண்டி வழுக்கிவிடாமல் காக்கிற ஓர் அமைப்பு அது. நாம் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோம் என்பதை ஓர் உணரி பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே சென்சார் என்று சொன்னால்தான் விளங்கும். வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இருக்கைகளுக்கு நடுவில் இன்னொரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் அமைதி. ஒன்று திருப்பியாயிற்று என்றும், மற்றொன்று திரும்பவில்லை என்றும் சொன்னால், அமைப்பு தானாகவே ஏதேனும் ஒரு சக்கரத்தைப் பிடித்து வண்டியைச் சரிப்படுத்தப் பார்க்கும். இரண்டுக்கும் ஒத்தே போகவில்லையென்றால் மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு பாருங்கள். வீட்டுக்கும் இப்படி ஒன்றைப் பொருத்த முடிந்தால் நன்றாயிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கோமதி மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகுதான் வண்டி ஓட்டப் பழகினாள். முதல்முறையிலேயே உரிமம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மூன்றாவது முறையில் கிடைத்தது. முதல் இரண்டு முறையும் வந்த அதிகாரிகளுக்கு விதிமுறை சரியாகத் தெரியவில்லை. அதை விடுங்கள்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. உலகம்மாள் என்று பெயர், அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள்; அம்பை என்போம். சென்ற ஆண்டு வாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாலைந்து சொற்கள் மட்டும் மிச்சம். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள், நல்ல பெண். ஆனால் உலகம்மாள் அவளைத் தலையில் கைவைக்க விடுவதில்லை. தலைக்கு ஊற்றுவதென்றால் தங்கைதான் வந்து ஊற்ற வேண்டும். ஆகவே வியாழக்கிழமைதோறும் கோமதி வண்டியை எடுத்துக்கொண்டு அம்பைக்குப் போவாள். வியாழன் என்றால் காலையிலிருந்தே அந்த அம்மாள் சன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லித் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். வண்டி தெருமுனையில் திரும்பியதும், 'வண்டி' என்பாளாம். மிஞ்சிய சொற்களுள் அதுவும் ஒன்று. கோமதி என்று சொல்ல வராது. வண்டி என்று வரும். கோமதி அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வாள். எனக்கென்னவோ, அதைப் பேச்சுப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றமாகக் கருத முடியவில்லை.

சில வியாழக்கிழமைகளில் நானும் உடன் செல்வதுண்டு. வளைவுகளில் சொல்வதற்கு ஆள் வேண்டுமல்லவா? 'இப்போது இண்டிகேட்டர் போடு', 'இப்போது கியரைக் குறை' என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவள் முன்னமே போட்டிருப்பாள். இருந்தாலும் சொல்வேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். இதற்கெல்லாம் தொடக்கம் ஆயுதபூஜை. கோமதி வண்டியைக் கழுவி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டியரிங்கின் நடுவில் சந்தனப்பொட்டு இட்டிருந்தாள். மறுநாள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். சாலை நேராக இருக்கிறது. பொட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பொட்டைத்தான் தள்ளி வைத்துவிட்டாள் என்று முதலில் எண்ணினேன். வீட்டுக்கு வந்து நூல் பிடித்துப் பார்த்தேன். பொட்டு சரியாக நடுவில்தான் இருந்தது. ஸ்டியரிங்கே சாய்ந்திருந்தது. அதாவது, வண்டி நேராகப் போகும்போது நடுவிலுள்ள நிறுவன முத்திரை இடப்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் பின்வரிசையில் உறங்குகிற பையனைப்போல.

அதற்குச் சில நாள்களுக்கு முன்னால் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போனபோது, மார்க்கெட் திருப்பத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. சாலைக்கு நடுவே வெள்ளையடித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கல். அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைத்துறைக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, வரிசைக்காகச் சொன்னேன். கோமதியிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. தொடர்பில்லாதவற்றை எதற்குச் சொல்ல வேண்டும்?

சாய்ந்த முத்திரையை என்னால் தாங்க முடியவில்லை ஐயா. அளவுகோல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போட்டுக் காலம் கழித்தவன் நான். கோமதி சந்தைக்குப் போன நேரத்தில், தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பிச்சையாவை அழைத்துக் காட்டினேன்.

"சார்வாள், ஒண்ணுமில்ல. ஸ்டியரிங் வீலக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா உங்க எம்பளம் பொம்ம மாதிரி நேரா நிக்கும்" என்றான்.

"வேறு எதுவும் பார்க்க வேண்டுமா?" என்றேன்.

"பாக்கணும்னா பாக்கலாம். பாக்காண்டாம்னா வேண்டாம்" என்றான்.

எவ்வளவு தெளிவான விடை. பேட்டரியை விலக்கி, ஸ்டியரிங்கைக் கழற்றி, அது தண்டில் பொருந்துகிற பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினான். மாட்டியபின் நான் எங்கள் தெருவிலேயே ஓட்டிப் பார்த்தேன். முத்திரை நெட்டுக்குத்தாக நின்றது. மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை நானும் உடன் போனேன். சேரன்மகாதேவி தாண்டி வயல்களுக்கு நடுவே சாலை வளையும் இடத்தில், வண்டி சற்றே வெட்டி இழுத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"தாமதமாகத் திருப்பினாய்" என்றேன்.

"நான் எப்பவும் திருப்புற எடத்துலதான் திருப்புனேன். வண்டிதான் யாரோ கையப் பிடிச்சு இழுக்க மாதிரி இழுக்கு" என்றாள்.

"வண்டிக்குக் கை கிடையாது. நீ ஒன்றை எண்ணித் திருப்புகிறாய். வண்டி வேறொன்றைச் செய்கிறது. ஓட்டுநரின் எண்ணத்துக்கும் வண்டியின் போக்குக்கும் மாறுபாடு வரும்போதுதான் அந்த விளக்கு எரியும். கையேட்டில் இருக்கிறது."

"கையேட்டுல அது டிரைவர் தப்புன்னு போட்டிருக்கா?"

"அதைத் தனியாகப் போட வேண்டுமா?"

அடுத்த வளைவுக்கு, நான் சொல்லுமுன்பே கியரைக் குறைத்தாள்.

நான் அப்போதே முடிவுக்கு வந்துவிட்டேன். கொடுக்கப்பட்டவை இவை: நான் ஓட்டினேன், விளக்கு எரியவில்லை. அவள் ஓட்டினாள், எரிந்தது. நிரூபிக்க வேண்டியது ஒன்றுமில்லை. நான் ஊருக்குள் ஓட்டினேன், அவள் நெடுஞ்சாலையில் ஓட்டினாள் என்று தாங்கள் சொல்லலாம். கோமதியும் அதைத்தான் சொன்னாள். "நீங்க ஓட்டுற வேகத்துக்கு வண்டி நிக்குதா போகுதான்னே அதுக்குத் தெரியாது, வெளக்கு எப்படி எரியும்?" என்றாள். வேகமாக ஓட்டினால்தான் வெளிப்படும் என்றால் அது வேகமாக ஓட்டுபவரின் குறைதானே? சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு அணையட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் நலனுக்காகத்தான்.

அவள் பேருந்தில் போனாள். நல்ல பேருந்து, புதிய பேருந்து நிலையத்தில் ஏறினால் நேரே அம்பையில் இறங்கலாம். சன்னலோரம் இடம் கிடைத்தால் காற்றாகவே போகலாம். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கிவிட்டது என்று வந்தாள். படியில் கால் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதையும் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அவள் போகவில்லை. பிற்பகலில் அந்தப் பராமரிக்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள். கோமதி ஒலிபெருக்கியில் போட்டாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் போட்டிருக்க வேண்டும்.

"அக்கா, பெரியம்மா சாப்பிட மாட்டேங்காங்க. காலேலருந்து சன்னல விட்டு நவர மாட்டேங்காங்க. தலையெல்லாம் சிக்கா கெடக்கு, தொட விட மாட்டேங்காங்க. வண்டி, வண்டிங்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

கோமதி என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"விளக்கு அணையட்டும்" என்றேன்.

"வெளக்கு யாருக்கு எரியுதுன்னு ஒரு நாள் நீங்க தனியா பைபாஸ்ல ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மின்வாரியத்தில் கட்டணம் கட்டாதவர்களிடம் அப்படித்தான் பேசுவாளாம்.

நியாயமான சோதனை என்பதால் நான் மறுக்கவில்லை. தனியாகப் பைபாஸில் ஓட்டினேன். சற்று விரைவாகவே ஓட்டினேன். விளக்கு எரிந்தது.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இருக்கையை அவள் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள், கண்ணாடியையும் மாற்றியிருந்தாள். அவள் கைப்பழக்கம் வண்டிக்குள் இன்னும் இருந்தது. ஒருவரிடம் பழகிய வண்டி அவ்வளவு எளிதில் மாறுமா? ஆனால் இந்த நுட்பத்தையெல்லாம் கோமதியிடம் சொன்னால், விளக்கு எனக்கும் எரிந்தது என்னும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வந்துவிடுவாள். ஆகவே சொல்லவில்லை. 'சோதனை தொடர்கிறது' என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? என்னைக் கேட்காமலே இந்தப் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசி, வண்டியைக் காட்ட நாள் குறித்துவிட்டாள். நானும் சரி என்றேன். ஒன்று, அவள் ஓட்டுவது தவறு. அல்லது, சென்சார் பொய் சொல்கிறது. இரண்டில் ஒன்றை எழுத்தில் வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

அதோ, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையில் பலகை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, ஜெனிட்டா என்று பெயர், இங்கே சர்வீஸ் அட்வைசர். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூன்று தொலைபேசிகளுக்குப் பதில் சொல்வாள். அன்று ஒரு கருவியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி, என்னைப் பின்னாலும் கோமதியை முன்னாலும் உட்கார வைத்துக்கொண்டு, அந்த நீண்ட முற்றத்தில் வண்டியை நேராக ஓட்டினாள். இருக்கை ஒதுக்கீட்டை நான் கண்டித்தேன். அவளுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

"இந்தா பாருங்க மேடம். வண்டி நேராப் போகுது. நடுவுல உள்ள சென்சார், நேராப் போகுதுன்னு சொல்லுது. எம்பளமும் நேரா நிக்குது. ஆனா ஸ்டியரிங் சென்சார், லெஃப்ட்ல திருப்பி வச்சிருக்கீங்கன்னு சொல்லுது."

"அப்படியானால் ஸ்டியரிங் சென்சார் பழுது" என்றேன். "மாற்றிவிடுங்கள்."

"சென்சாருக்கு ஒண்ணும் இல்ல சார். அது சொல்றதுதான் சரி. உள்ள ஸ்டியரிங் ராடு லெஃப்ட்லதான் திரும்பி நிக்குது. அப்படித் திருப்பி வச்சாத்தான் வண்டியே நேராப் போகுது. கைல பிடிக்கிற வீல மட்டும் யாரோ கழட்டி, நேரா இருக்க மாதிரி மாட்டி வச்சிருக்காங்க. வெளில எங்கயும் கழட்டினீங்களா சார்?"

ஸ்டியரிங் எப்போதும் வண்டிக்குள்ளேதான் இருந்திருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. பிச்சையா வண்டிக்குள் அமர்ந்துதான் கழற்றினான்.

பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் விளக்கடித்துப் பார்த்தார்கள். "லெஃப்ட் முன்வீல் எதுலயோ பலமா ஏறியிருக்கு சார். டை ராடு வளைஞ்சிருக்கு. சக்கரத்தைத் திருப்புற கம்பி. அதுனாலதான் ஸ்டியரிங் சாஞ்சிருக்கும். சாஞ்சதப் பாத்து வந்திருந்தீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

கோமதி என் பக்கம் திரும்பினாள். "எந்தக் கல்லுங்க?" என்றாள்.

கல் என்று ஜெனிட்டா சொல்லவேயில்லை. அவளுக்கு எப்படித் தோன்றிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "இந்த ஊரில் கற்களுக்கா பஞ்சம்?" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தக் கல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்பதை விளக்கியிருப்பேன்.

ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். சென்சார் பொய் சொல்கிறது என்று நான் சொன்னதாகக் கோமதி வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னது, 'இரண்டில் ஒன்று' என்பது. அந்த இரண்டும் இல்லையென்று ஆகிவிட்டது, உண்மைதான். அதற்காக முறை தவறென்று ஆகிவிடுமா?

கம்பியை மாற்றி, சக்கரங்களை நேர்படுத்தி, ஸ்டியரிங்கைப் பழையபடி ஒரு பல் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இன்று காலை வரச் சொன்னார்கள். ஜெனிட்டா சாவியைக் கொண்டுவந்து, "யாராவது ஒருத்தர் ஓட்டிப் பாத்துட்டு வந்துருங்க" என்று நீட்டினாள். என் ஒரு கையில் காபிக் கோப்பை. மறு கையில் தட்டு. கோமதியின் இரண்டு கைகளும் காலி. அவ்வளவுதான் நடந்தது. "ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்றாள். "வளைவிலும் பார்க்க வேண்டும், கவனம்" என்றேன். கைப்பையோடு ஒரு துணிப்பையும் கொண்டுபோனாள். அதில் சீயக்காய்த்தூளும் எண்ணெய்ச் சீசாவும் இருந்ததை நான் காலையிலேயே பார்த்தேன். எதற்கென்று கேட்டேன், "வியாழக்கிழமல்லா" என்றாள். கிழமைக்கும் பணிமனைக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

காபி ஆறி, நான் குடித்து, கோப்பையை எடுத்துப் போயும் வெகுநேரமாகிறது. ரவுண்டானாவில் நெரிசல் போலும்.

என்ன, அந்த நாற்காலியை இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டீர்களா? ஆடவில்லையா? அடியில் வைத்த தாள் அங்கேயே கிடக்கிறதே. ஆச்சரியம்தான். அப்படியானால் இந்த இடத்தில் தரையும் அதே அளவுக்குச் சரிந்திருக்கிறது என்று பொருள்.

பொறுங்கள். அவள்தான் அழைக்கிறாள்.

சொல். ... எங்கே? ... அம்பையிலா? ... ஒரு ரவுண்டு என்றுதானே சொன்னாய்? ... நான் சொன்னேனா? ஆம், வளைவில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்தான். ... விளக்கு? ... எரியவில்லையா? சேரன்மகாதேவி வளைவில்கூடவா? ... எப்போது திரும்புவாய்? ... சாயங்காலமா? தலை உலர வேண்டுமா, யார் தலை? ... சரி. அப்படியானால் நான் வீட்டுக்கு எப்படிப் போவது? ... தெரியும், பேருந்து வாசலிலேயே நிற்கும். தெரியும், நல்ல பேருந்துதான். நான்தானே சொன்னேன். ... என்ன, அக்காவிடம் கொடுக்கிறாயா? அவளால் பேச முடியாதே. சரி, கொடு.

உலகம்மாள், நான் நெல்லைநாயகம். ... கேட்கிறதா?

...

வைத்துவிட்டார்கள் ஐயா. 'வண்டி' என்றாள். மூன்று தடவை சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று நினைக்கிறேன். பின்னால் தண்ணீர் ஊற்றுகிற ஓசையில் சரியாகக் கேட்கவில்லை. ஆக, சோதனை வெற்றி. நேர்ச்சாலை, வளைவு, நெடுந்தொலைவு எல்லாம் பார்த்தாயிற்று. ரவுண்டானா வரை போயிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்குமா? ஒரு வகையில், நான் நினைத்தபடிதான் நடந்திருக்கிறது.

தங்கள் வண்டி எண்ணைத்தானே அழைக்கிறார்கள்? போய் வாருங்கள். ஆமாம், தாங்கள் எந்தப் பக்கம்? பாளையங்கோட்டை வழியாகவா? தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் நானும் வருகிறேன். பின்னால் வேண்டாம், முன்னாலேயே அமர்ந்துகொள்கிறேன். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு கல் இருக்கிறது. தங்களுக்குச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.